கருப்பட்டிக் காபி திரியாமல் இருக்க
தாண்டிக்குடியில் எங்கள் வீட்டுக் காபிக்குக் கருப்பட்டிதான், ஆனால் பாலோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் திரிந்துவிடும். அதனால் தனியாகக் கால் டம்ளர் தண்ணீரில் கரைத்து, அடியில் தங்கும் மண் போக வடிகட்டி, பாலை இறக்கி இரண்டு நிமிடம் கழித்துக் கலக்குங்கள். காபி இருக்கட்டும், இனிப்புப் பணியார மாவுக்கு, தோல் கறுத்துக் கனிந்த விருப்பாச்சி மலைவாழை. பழநி பஞ்சாமிர்தத்தில் போடுகிறார்களே, அதேதான். நீர் குறைவான பழம் என்பதால் மாவு அவ்வளவாக இளகாது, 2 பழம் பிசைந்தால் வெல்லத்தைப் பாதியாகக் குறைக்கலாம், வாசனையும் அருமையாக வரும். பணியாரத்தின் மேல் தேனைச் சூடு ஆறிய பிறகு ஊற்றுங்கள், 1 வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். அப்புறம், சர்க்கரை நோய் இருப்பவர்கள் கருப்பட்டிதானே என்று அள்ளிப் போடாதீர்கள், அதுவும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.