ஓடும்போது நின்றுபோகும் மோட்டார்ஹோம்: பழுது தேடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் ஓடும் மோட்டார்ஹோம்களில் (வீட்டு வசதிகளோடு கட்டப்பட்ட வண்டிகளில்), குறிப்பாக பத்து இருபது ஆண்டுகளைக் கடந்தவற்றில், அடிக்கடி கேட்கும் புகார் ஒன்று உண்டு. இரண்டு மணி நேரம் ஒழுங்காக ஓடிய வண்டி ஏதோ ஓர் ஏற்றத்தில் சட்டென்று நின்றுவிடுகிறது. ஓரங்கட்டி அரை மணி நேரம் காத்திருந்து சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருமுறைகூட நிற்பதில்லை. முழுதாகச் செத்துப்போன எஞ்சினில் பழுதைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து போகும் பழுதுதான் பணத்தையும் பொறுமையையும் தின்கிறது. அப்படித் தின்பதற்குப் பெரும்பாலும் பழுதைவிட, அதைத் தேடும் முறையில் நேரும் தவறுகளே காரணமாக இருக்கின்றன.

முதல் தவறு சாலையிலேயே நிகழ்கிறது. எஞ்சின் நின்றவுடன் பதற்றத்தில் சாவியை முழுதாகப் பின்னுக்குத் திருப்புபவர்கள் உண்டு. பல வண்டிகளில் அந்த நிலையில் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். எஞ்சின் இல்லாமல் பவர் ஸ்டீயரிங் கனத்துப்போகும் என்றாலும் திருப்ப முடியும், பூட்டிக்கொண்டால் முடியாது. வாக்குவம் பூஸ்டர் உள்ள வண்டியில் எஞ்சின் நின்றபின் இரண்டு மூன்று அழுத்தலுக்கான உதவிதான் மிச்சமிருக்கும் என்பதால், பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே சீராக அழுத்திப் பிடிக்க வேண்டும். ஏர் பிரேக் உள்ள பெரிய டீசல் வண்டிகளில் தொட்டியில் காற்று இருக்கும்வரை பிரேக் பிடிக்கும். அழுத்தம் 60 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) அளவுக்கு இறங்கும்போது எச்சரிக்கை ஒலிக்கும், அதற்கும் கீழே போனால் ஸ்பிரிங் பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும். ஆகவே ஹசார்டு விளக்கைப் போட்டு, வேகம் இருக்கும்போதே ஓரத்துக்கு ஒதுங்குவதுதான் முதல் வேலை. இடமும் சாலையும் அனுமதித்தால் மட்டும், ஆட்டோமேட்டிக் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, ஓட்டத்திலேயே ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

ஒதுங்கி நின்றபின் செய்யப்படும் தவறு, எதையும் கவனிக்காமல் உடனே மறுபடி மறுபடி செல்ஃப் அடிப்பது. எஞ்சின் நிற்கும் அந்தச் சில வினாடிகளிலும், நின்றபின் வரும் முதல் ஐந்து நிமிடங்களிலும் கிடைக்கும் தடயங்கள் பிறகு எந்தப் பட்டறையிலும் கிடைப்பதில்லை. எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் டேகோமீட்டரின் முள் என்ன செய்தது என்பது அவற்றில் முக்கியமானது. நெடுஞ்சாலை வேகத்தில் எஞ்சின் நின்றாலும், சக்கரங்கள் சில வினாடிகளுக்கேனும் அதைச் சுழற்றிக்கொண்டிருக்கும். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே முள் ஒரே அடியாகப் பூஜ்யத்தில் விழுந்தால் சிக்னலோ மின்சாரமோ அறுந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம். எஞ்சின் திணறி, இழுவை குறைந்து, முள் மெல்ல இறங்கினால் எரிபொருள் பக்கம் பார்க்க வேண்டும். அடுத்தது டேஷ்போர்டு விளக்குகள். எஞ்சின் நின்றதும் பேட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் எரிவது இயல்பு. அவையும் எரியாமல் டேஷ்போர்டே இருண்டுபோனால் தேட வேண்டியது பேட்டரியிலிருந்து சாவி வரைக்குமான மின்பாதையை. தொட்டியில் எவ்வளவு எரிபொருள் இருந்தது, வெளியே எவ்வளவு வெப்பம், ஏற்றமா சமதளமா, கடைசியாக எங்கே நிரப்பியது ஆகியவற்றையும் அப்போதே எழுதிவைப்பது நல்லது. நினைவை நம்பினால் மூன்றாவது முறை நிற்கும்போது முதல் இரண்டு முறையும் குழம்பிப்போயிருக்கும்.

எல்லாவற்றையும்விட அதிகமாக விடுபடும் தடயம், வண்டி மறுபடி கிளம்ப எடுத்துக்கொண்ட நேரம். வந்து போகும் பழுதை ஆராயும்போது, தானாகவே குணமாகக்கூடியது எது என்ற ஒரு கேள்வியே பாதிப் பட்டியலை அடித்துவிடும். உருகிய ஃப்யூஸ் தானாக ஒட்டிக்கொள்ளாது. பழைய ஃபோர்டு வண்டிகள் பலவற்றில் விபத்தின்போது பெட்ரோல் பம்பை நிறுத்துவதற்கென்று இனர்ஷியா சுவிட்ச் ஒன்று உண்டு. ஈ-சீரிஸ் வேன் அடிச்சட்டத்தில் அது பயணி காலருகே, பக்கத் தகட்டுக்குப் பின்னால் இருக்கும். அது ஒரு குழியில் அடிபட்டு விடுபட்டிருந்தால், பொத்தானைக் கையால் அழுத்தும்வரை எஞ்சின் கிளம்பவே கிளம்பாது. எனவே தானாகக் கிளம்பிய வண்டியில் அந்தச் சுவிட்ச் விடுபட்டது என்று சொல்வது பொருந்தாது. அதன் கனெக்டர் துருப்பிடித்துத் தொட்டும் தொடாமலும் இருக்கிறது என்று சொல்வதானால் பொருந்தும். நின்ற உடனேயே கிளம்பினால் தளர்ந்த இணைப்பு, ரிலே, இக்னிஷன் சுவிட்ச் ஆகியவை சந்தேகத்துக்குரியவை. இருபது முப்பது நிமிடம் ஆறியபின் கிளம்பினால் வெப்பத்தில் பழுதாகும் மின்னணுப் பாகமோ, தொட்டிக்குள் உறிஞ்சு வலையில் ஒட்டி, உறிஞ்சல் நின்றதும் உதிர்ந்துவிடும் குப்பையோ காரணமாகலாம். தொட்டி மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் பலமாகக் கேட்டு, அதன்பின் வண்டி நன்றாக ஓடினால், தொட்டியின் காற்றுவழி அடைபட்டிருக்கிறது.

வெப்பம் என்றதும் ஒரு பழைய தவற்றைச் சொல்லியாக வேண்டும். கலிபோர்னியாவின் பேக்கர் ஊரிலிருந்து லாஸ் வேகஸ் நோக்கி ஏறும் ஐ-15 நெடுஞ்சாலையில் கோடையில் வண்டி நின்றால், பார்ப்பவர் எல்லாரும் சொல்லும் காரணம் வேப்பர் லாக்தான். (அந்த ஊரின் அடையாளமே 134 அடி உயரத் தெர்மாமீட்டர் என்பதால் அப்படிச் சொல்பவர்களைக் குறை கூறவும் முடியாது.) கார்ப்பரேட்டர் பொருத்திய செவ்ரோலே 454 போன்ற எஞ்சின்களில் இது உண்மையாகவே நடக்கும்: எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் மெக்கானிக்கல் பம்ப் நீண்ட குழாய் வழியே பெட்ரோலை உறிஞ்சுகிறது, உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு, வெப்பம் அதிகம், உயரமான மலைப்பாதையில் காற்றழுத்தமும் குறைவு, அதனால் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுகிறது. எத்தனால் கலந்த பெட்ரோலில் இது இன்னும் எளிதாக நேர்கிறது. ஆனால் இன்ஜெக்ஷன் வந்தபின் பம்ப் தொட்டிக்குள் போய்விட்டது; குழாய் முழுவதும் அழுத்தத்தில் இருக்கிறது. அப்படிப்பட்ட வண்டியிலும் வேப்பர் லாக் என்று முடிவுகட்டி, பெட்ரோல் குழாய்க்குத் துணி சுற்றிக்கொண்டிருப்பது வேறொரு பழுதை வளரவிடுவதாகும்.

சூட்டில் நின்று ஆறியதும் கிளம்பும் குணம் இக்னிஷன் பாகங்களுக்கும் உண்டு. 1980களின் ஃபோர்டு எஞ்சின்கள் பலவற்றில் டிஎஃப்ஐ எனப்படும், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் இக்னிஷன் மாட்யூல், சூடாகும் டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்திலேயே திருகப்பட்டிருந்தது. வெப்பத்தில் அது செயலிழந்து எஞ்சினை நிறுத்திவிடும், ஆறியதும் ஒன்றும் தெரியாததுபோல் வேலை செய்யும். இது நீதிமன்றம் வரை போன விவகாரம். பின்னாளில் ஃபோர்டே அந்த மாட்யூலை எஞ்சினிலிருந்து தள்ளிப் பொருத்தத் தொடங்கியது. டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாத பிற்கால எஞ்சின்களில், ஃபோர்டின் ஈ-450, எஃப்-53 அடிச்சட்டங்களில் வந்த 6.8 லிட்டர் வி10 உட்பட, கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார் இதே வேடத்தைப் போடக்கூடும். அந்தச் சிக்னல் இல்லையென்றால் கம்ப்யூட்டருக்கு எஞ்சின் சுழல்வதே தெரியாது; ஸ்பார்க்கையும் இன்ஜெக்டரையும் ஒருசேர நிறுத்திவிடும்.

அடுத்த தவறு செலவில் பெரியது: பெட்ரோல் பம்பை முதலில் மாற்றுவது. ஈ-450 தொட்டி 55 காலன், எஃப்-53 வண்டிகள் பலவற்றில் 75 காலன். நிரம்பியிருந்தால் எரிபொருளின் எடையே இருநூறு கிலோவைத் தாண்டக்கூடும். அதை வடித்து இறக்கிப் பம்பை மாற்றும் கூலி, பம்பின் விலையையே மிஞ்சும். பம்ப் பழுதாகாது என்று சொல்லவில்லை, அடிக்கடி ஆகிறது. ஆனால் அதைக் குற்றவாளி என்று சொல்வதற்கு முன் பிரஷர் கேஜ் பொருத்திப் பார்த்திருக்க வேண்டும். அளவு வண்டிக்கு வண்டி வேறுபடும். 1990களின் முற்பாதியில் வந்த டிபிஐ வகை (த்ராட்டில் வாயிலேயே பெட்ரோலைத் தெளிக்கும்) செவ்ரோலே எஞ்சின்கள் பலவற்றுக்கு 9 முதல் 13 பிஎஸ்ஐ போதும். ஃபோர்டு வி10க்கு 30க்கு மேல் வேண்டும். பம்புக்குப் போகும் ஒயரில் மின்னழுத்தம் சரியாக வருகிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனெனில் துருப்பிடித்த எர்த் இணைப்பினால் 9 வோல்ட் மட்டும் பெறும் நல்ல பம்ப், கெட்ட பம்பைப் போலவே நடந்துகொள்ளும். மெக்கானிக் ஒருவர் எதையும் அளக்காமல் பம்ப், காயில், சென்சார் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போனால், அந்த இடத்திலேயே நிறுத்திக் கேள்வி கேட்பதில் தவறில்லை.

கோட் (வண்டியின் கம்ப்யூட்டர் பதியும் பழுதுக் குறியீடு) வரவில்லை, ஆகவே பழுதும் இல்லை என்ற முடிவும் இதே இனத்தைச் சேர்ந்தது. ஸ்கேனரில் பி0335 வந்தால் கிராங்க் சென்சார் சர்க்யூட், பி0230 வந்தால் பெட்ரோல் பம்பின் மின்சர்க்யூட், பி0087 வந்தால் எரிபொருள் அழுத்தம் குறைவு என்று ஒரு திசை கிடைக்கும். அடைபட்ட காற்றுவழிக்கோ, சாவிக்குப் பின்னால் தேய்ந்துபோன சுவிட்சுக்கோ கோட் விழாமலே போகலாம். அதைவிட மோசமானது, ‘ரீசெட்’ செய்கிறேன் என்று பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. சேமிக்கப்பட்ட கோடுகளும், கோளாறு நேர்ந்த கணத்தின் வேகம், வெப்பம், எஞ்சின் சுமை ஆகியவற்றைப் பதிந்துவைக்கும் ஃப்ரீஸ் ஃபிரேம் தகவலும் அதோடு அழிந்துவிடக்கூடும். முதலில் படித்து எழுதிக்கொண்டு, பிறகு எதை வேண்டுமானாலும் கழற்றலாம்.

மோட்டார்ஹோமைச் சாதாரண லாரியாக நினைத்துத் தேடுவதும் தவறு. ஃபோர்டோ செவ்ரோலேயோ செய்து அனுப்பிய அடிச்சட்டத்தின் மேல் வேறொரு நிறுவனம் வீட்டைக் கட்டுகிறது. அவர்கள் இழுத்த ஒயர்கள் அடிச்சட்டத்தின் வரைபடத்தில் இருப்பதில்லை. எஞ்சின் பேட்டரியைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் சுவிட்ச், வீட்டுப் பேட்டரியையும் எஞ்சின் பேட்டரியையும் இணைக்கும் சோலனாய்டு, படிக்கட்டின் அடியில் மழைநீர் தெறிக்கும் இடத்தில் வைக்கப்பட்ட பேட்டரித் தட்டு ஆகியவை எல்லாம் நின்றுபோகும் பழுதுக்கு இடம்தருபவை. ஆண்டில் பல மாதம் அசையாமல் நிற்கும் வண்டியில் எர்த் கேபிள்களின் முனை பச்சை பூத்திருக்கும். கண்ணால் பார்த்துத் திருப்தி அடைவதைவிட, எஞ்சின் ஓடும்போது விளக்கு, ஏசி எல்லாம் போட்டுவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்து அளப்பது மேல். அங்கே காட்டும் மின்னழுத்தம் ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். வீட்டுப் பகுதிக்கு மின்சாரம் தரும் ஜெனரேட்டரும் பழுதைத் தேட உதவும். பெட்ரோல் வண்டிகளில் அது பெரும்பாலும் அதே தொட்டியிலிருந்துதான் குடிக்கிறது, அதன் உறிஞ்சுகுழாய் மட்டும் சற்று உயரத்தில் முடிகிறது. எஞ்சின் நின்ற வேளையில், தொட்டியில் கால் பங்குக்கு மேல் எரிபொருள் இருந்தும் ஜெனரேட்டரும் திணறினால், தொட்டியையும் எரிபொருளையும் முதலில் பார்க்கலாம்.

பின்பக்கம் எஞ்சின் உள்ள டீசல் வண்டிகளில் ஸ்பார்க் என்ற பேச்சே இல்லை. தேட வேண்டியவை பெரும்பாலும் காற்றும் அடைப்பும்தான். தொட்டி முன்னால், எஞ்சின் பின்னால் என்பதால் உறிஞ்சும் குழாய் நீளமானது. அதில் எங்கேனும் ரப்பர் வெடித்திருந்தால் டீசல் வெளியே கசியாது, காற்றுதான் உள்ளே போகும். தொட்டிக்குள் நிற்கும் உறிஞ்சுகுழாயில் ஓட்டை விழுந்திருந்தால், டீசல் அந்த மட்டத்துக்குக் கீழே இறங்கும்போதெல்லாம் எஞ்சின் நிற்கும். தொட்டியை நிரப்பினால் மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காது. நீண்ட நாள் நின்ற டீசலில் நீர் சேர்ந்து நுண்ணுயிர்ப் பாசி வளர்ந்திருந்தால், புதிதாகப் போட்ட ஃபில்ட்டரும் விரைவில் அடைத்துக்கொள்ளும். கழற்றிய ஃபில்ட்டரை அறுத்துப் பார்க்காமல் குப்பையில் எறிவதும் ஒரு தவறுதான். கூலண்ட் மட்டம் குறைந்ததாகச் சென்சார் சொன்னாலே எஞ்சினின் பலத்தைக் குறைத்து, பிறகு நிறுத்திவிடும்படி அமைக்கப்பட்ட வண்டிகளும் உண்டு. அங்கே பழுது எஞ்சினில் இல்லாமல் சென்சாரின் ஒயரில் இருக்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பட்டறை வாசலில் வண்டியை ஓடவிட்டுச் சோதிப்பதால் பயனில்லை. ஏற்றமும் சுமையும் சூடும் வேண்டும். கேஜின் நீண்ட குழாயை எஞ்சினிலிருந்து வெளியே கொண்டுவந்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டி, அதே பாதையில் இருவராக ஓட்டிப் பார்க்க வேண்டும். பெட்ரோல் உள்ள குழாயை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. ஒருவர் சாலையை மட்டும் பார்க்க, மற்றவர் கேஜையும் ஸ்கேனரையும் பார்க்கட்டும். நின்ற கணத்தில் அழுத்தம் இருந்ததா, ஸ்பார்க் இருந்ததா என்ற இரண்டு கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டால் மீதி வேலை குறுகிவிடும். சந்தேகப்படும் சென்சாரை, எஞ்சினை ஓடவிட்டபடி ஹேர் டிரையரால் சூடேற்றுவதும், ஒயர்க் கட்டுகளைச் சுழலும் பாகங்களிலிருந்து விலகி நின்று அசைத்துப் பார்ப்பதும் பலமுறை கைகொடுக்கும்.

பாகத்தை மாற்றியபின் ஊருக்குள் ஒரு சுற்று சுற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று முடிவுசெய்யாமல், பழுது முன்பு தோன்றிய அதே வெப்பத்திலும் ஏற்றத்திலும் தொட்டியின் அதே மட்டத்திலும் ஓட்டிப் பார்க்கும்வரை அதைச் சந்தேகப் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். அதுவரை குழந்தைகளோடு மலைப்பாதையில் நெடுந்தூரம் போகும் திட்டத்தைத் தள்ளிவையுங்கள். கழற்றிய பழைய பாகத்தையும் ஒயர் முனையோடு பத்திரமாக வைத்திருங்கள்.