கன்சல்டிங்குக்குப் புதிதாக வருபவர்கள் விழும் பழைய குழிகள்

எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த பையன் போன வாரம் இரவு இரண்டு மணிக்கு ஒரு ஸ்லைடை அனுப்பி, "செம கண்டுபிடிப்பு, நாளைக்கு மீட்டிங்கில் போட்டு உடைச்சிடலாம்" என்று எழுதியிருந்தான். வயிற்றைக் கலக்கியது. பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் உடைத்தேன். எழுத்துப்பிழை, தாமதம் பற்றியெல்லாம் மற்றவர்கள் சொல்லித் தருவார்கள், விட்டுவிடுகிறேன்.

எண்ணை முதன்முதலாக மீட்டிங்கில் காட்டுவது

ஓசூரில் ஒரு பிளாஸ்டிக் உதிரிபாகத் தொழிற்சாலை. மோல்டிங் மெஷின்கள் 83 சதவீத நேரம் ஓடுவதாக அவர்கள் ரிப்போர்ட் சொன்னது. நான் மூன்று நாள் மெஷின் பக்கத்திலேயே நின்று குறித்தேன், 62.5தான் வந்தது. யாரிடமும் மூச்சு விடாமல், எம்டி முன்னால் சிவப்பில் பெரிதாகப் போட்டேன்.

பிளாண்ட் மேனேஜர் பேனாவை மூடி வைத்தார். "தம்பி, எதால வகுத்தீங்க?"

ஷிஃப்ட் 480 நிமிடம், மெஷின் ஓடியது 300. நான் 480ஆல் வகுத்திருந்தேன். அவர்கள் சாப்பாடு, டீ இடைவேளை 40 நிமிடத்தையும், மோல்டு, அதாவது அச்சு, மாற்ற ஆகும் 80 நிமிடத்தையும் கழித்து 360ஆல் வகுத்திருந்தார்கள். மெஷினின் மொத்தச் செயல்திறனை அளக்கும் ஓஇஇ கணக்கின் வழக்கப்படி இடைவேளையைக் கழிக்கலாம், மோல்டு மாற்றும் நேரத்தைக் கழிக்கக் கூடாது. அப்படிப் பார்த்தால் 440, விடை 68. இரண்டு பேர் கணக்கும் தப்பு. ஆனால் திரையில் இருந்தது என் தப்பு.

ஒரு ஷிஃப்டில் 80 நிமிடம் மோல்டு மாற்றவே போகிறது என்பதுதான் அங்கே பேசியிருக்க வேண்டிய விஷயம். அதை யாரும் பேசவில்லை. மீதி நேரம் முழுக்க எதால் வகுப்பது என்ற சண்டையிலேயே போனது. அதற்கப்புறம் எந்த டேட்டா கேட்டாலும் "மெயில் போடுங்க தம்பி" என்ற பதில்தான். ஆறு வார வேலை ஒன்பது வாரம் இழுத்தது. கூடுதல் மூன்று வாரத்துக்குப் பில் போட முடியவில்லை.

மீட்டிங்குக்கு இரண்டு நாள் முன்பே அந்த ஸ்லைடைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு அவரிடம் போயிருக்க வேண்டும். "சார், எனக்கு இப்படி வருது, எங்கே தப்பு பண்றேன்?" என்று கேட்டிருந்தால் பத்து நிமிட வேலை. இதைச் சொன்னால் சிலர், "கிளையண்டுக்குப் பயந்து பூசி மெழுகுவதா?" என்கிறார்கள். கேட்கும்போதே எரிச்சல் வரும். சரியான எண்ணை யாரும் மாற்றச் சொல்லவில்லையே! அவர் பதவிக்கு உலை வைக்கிற எண்ணை எம்டிக்கு முன்பே அவர் பார்க்கட்டும் என்கிறேன், அவ்வளவுதான்.

முதல் வாரமே தீர்வு சொல்வது

வாயை மூடிக்கொண்டு ஷாப் ஃப்ளோருக்கு, அதாவது மெஷின் ஓடும் இடத்துக்கு, போங்கள்.

பெஞ்சில் இருக்கும்போது ஒளிந்துகொள்வது

பெஞ்ச் என்றால் கையில் பிராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் காலம். பிராஜெக்ட் உங்களைத் தேடி வராது. மேனேஜர்களிடம் போய்க் கேளுங்கள். புரொபோசல் வேலையாக இருந்தாலும் வாங்கிச் செய்யுங்கள்.

விமானத்தில் டெக்கை (கிளையண்டுக்கான ஸ்லைடுகளை) திறப்பது

பக்கத்து சீட்டுக்காரருக்கும் படிக்கத் தெரியும்.