மாரித் தண்ணீரையும் குசினித் தண்ணீரையும் ஒரே படுக்கைக்குள் விடாதீர்கள்

சல்லிப் படுக்கையில் சம்பும் கல்வாழையும் நட்டு வீட்டுக் கழிவுநீரைத் தெளியவைக்கும் செயற்கைச் சதுப்புக்கு வன்னி வளவுகளில் இடப்பஞ்சம் இல்லை. வெப்பமான இடங்களில் ஆளுக்கு 1–2 சதுர மீற்றர் போதும். பிழை விடுவது வேறு இடங்களில்.

முதல் தவறு, கூரைத் தண்ணீரையும் அதற்குள் திருப்பிவிடுவது. கழிவுநீர் மூன்று நாலு நாளாவது உள்ளே தங்கினால்தான் கல்லிலும் வேரிலும் ஒட்டியிருக்கும் பக்டீரியா அழுக்கைத் தின்று முடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு பாட்டம் மழை புகுந்தாலே அரைகுறையாகத் தெளிந்த தண்ணீர் முழுவதும் வெளியே தள்ளப்பட்டுவிடும். கூடவே வரும் சேறு கல்லிடுக்கை அடைக்கும். படுக்கையைச் சுற்றி ஒரு சாண் வரம்பு கட்டுங்கள். மழைநீருக்குத் தனியாக ஆழமில்லாத குட்டையும், மிஞ்சியது வழிய ஒரு வாய்க்காலும் வேண்டும். அந்தக் குட்டையில் ஆகாயத்தாமரையைப் போட்டுவிடாதீர்கள். வெள்ளத்தோடு அயல் குளத்துக்குப் போய்விடும்; இலங்கையில் 1909 இலேயே அதற்கெதிராகச் சட்டம் போட வேண்டியிருந்தது.

அடுத்தது கல். வீதிக்குப் பரப்பும் கிரவல் மலிவுதான், ஆனால் அதிலுள்ள களி கரைந்து படுக்கையை இறுக்கிவிடும். கழுவிய கருங்கற் சல்லி, 10–20 மில்லிமீற்றர் அளவில், 60 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போடுங்கள். தண்ணீர் நுழையும் முனையிலும் வெளியேறும் முனையிலும் கைமுட்டியளவு கல். தண்ணீர் கல்லுக்கு மேலே தெரியக்கூடாது, தெரிந்தால் மணமும் நுளம்பும் வரும். வெளிக்குழாயில் திருப்பக்கூடிய எல்போ ஒன்று பூட்டினால் மட்டத்தை ஏற்றி இறக்கலாம்.

எண்ணெயும் சோற்றுப் பருக்கையும் தங்குவதற்குப் படுக்கைக்கு முன்னால் ஒரு தொட்டி கட்டாயம். அதை அள்ளித் துப்புரவாக்க வீட்டில் யார் முன்வருவார் என்பதையும் கட்டும்போதே பேசி முடிப்பது நல்லது! அடியில் தடித்த பொலித்தீனோ மிதித்து இறுக்கிய களியோ இல்லாவிட்டால் ஊறும் தண்ணீர் உங்கள் கிணற்றுக்குத்தான் போகும்.

வெளிவரும் தண்ணீர் தெளிவாக இருந்தாலும் கிருமி முற்றாக நீங்கியிருக்காது. வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். பச்சையாகத் தின்னும் வல்லாரைப் பாத்திக்கு வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் செடிகளே குடித்துவிட்டு ஒரு சொட்டும் வெளியே வராமல் போகலாம். பழுதாகிவிட்டதென்று அப்போது படுக்கையைக் கிண்டாதீர்கள்.