இயற்கைத் தேர்வைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உயிரியல் பாடம் எழுதப் புதிதாக வரும் இளைஞர்களின் வரைவுகளைத் திருத்தும்போது, தொடக்க காலத்தில் நாங்கள் எழுதிய அதே தவறான வாக்கியங்கள்தாம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. எழுத்துப்பிழையையும் பெயர்க்குழப்பத்தையும் அவர்களே சரிசெய்துகொள்வார்கள். கருத்தையே கெடுத்துவிடும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். இயற்கைத் தேர்வு என்பது, சூழலுக்குப் பொருந்திய பண்புடைய உயிர்கள் மிகுதியாகப் பிழைத்து அப்பண்பைத் தம் சந்ததிக்குக் கடத்துவதே. இவற்றுக்கு, பசிபிக் பெருங்கடலில் உள்ள காலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் டாஃப்னி மேஜர் தீவே போதுமான சான்று. பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் இணையர் 1973 முதல் பல்லாண்டுகள் அங்கே ஃபிஞ்ச் குருவிகளை ஆராய்ந்தனர்.

தேவை வந்ததும் உடல் மாறியது என்று எழுதுவது

"வறட்சியைச் சமாளிக்கக் குருவிகள் தம் அலகைப் பெரிதாக்கிக்கொண்டன." இந்த வாக்கியம் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. அண்மையில் ஒரு வரைவில் இதைக் கண்டு, எழுதியவரிடம் எந்தக் குருவி பெரிதாக்கிக்கொண்டது என்று கேட்டேன். "எல்லாக் குருவிகளும்தான்" என்றார். வறட்சி, விதை, அலகு ஆகிய மூன்றையும் நன்றாகப் படித்திருந்தவர் அவர். ஆனாலும் இறந்த குருவிகள் அவர் கணக்கில் வரவே இல்லை.

1976இன் மழைக்காலத்தில் அத்தீவில் 127 மி.மீ. மழை பெய்தது, 1977இல் பெய்தது 24 மி.மீ. மட்டுமே. சிறிய, மென்மையான விதைகள் விரைவில் தீர்ந்துபோக, நம் நெருஞ்சிலின் பேரினத்தைச் சேர்ந்த ஒரு செடியின் முள் நிறைந்த கடினக் காய்கள் எஞ்சின. அவற்றை உடைத்து விதையை எடுக்க ஆழமான (அதாவது மேலிருந்து கீழாகத் தடித்த), வலுவான அலகு வேண்டும். அங்குள்ள ஃபிஞ்ச் இனங்களுள் ஒன்றான நடுத்தரத் தரைக்குருவிகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு மடிந்தன. பிழைத்தவற்றில் பெரிய அலகுடையவை மிகுந்திருந்தன. ஒவ்வொரு குருவியின் காலிலும் வளையமிட்டு அலகை முன்பே அளந்து வைத்திருந்ததால், எது பிழைத்தது, எது மடிந்தது என்று தனித்தனியாகச் சொல்ல முடிந்தது. அந்த ஆண்டு இக்குருவிகள் இனப்பெருக்கம் செய்யவே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. புதுக் குஞ்சுகள் இல்லை. வளர்ந்த பறவையின் அலகும் ஆழத்தில் பெருகவில்லை. ஆயினும் கூட்டத்தின் சராசரி உயர்ந்தது.

இதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 9 மி.மீ. அலகுடைய எட்டுக் குருவிகளும் 10 மி.மீ. அலகுடைய இரண்டு குருவிகளும் இருந்தால் சராசரி 9.2 மி.மீ. முதல் வகையில் ஆறு மடிந்தால் சராசரி 9.5 மி.மீ. ஆகிறது. எந்த அலகும் மாறவில்லை. இந்தக் கணக்கு புரியாத மாணவர், உடல் தன் தேவையை அறிந்து தானே மாறுகிறது என்ற எண்ணத்தை மேல்வகுப்புக்கும் கொண்டுசெல்கிறார். பிறகு மரபியல் படிக்கும்போது எதுவும் பொருந்தாமல் திணறுகிறார்.

மரபுவழியை விட்டுவிடுவது

பெரிய அலகுள்ளவை பிழைத்தன என்பதோடு நிறுத்தினால் விளக்கம் பாதியில் நிற்கிறது. அலகின் அளவு பெற்றோரிடமிருந்து குஞ்சுகளுக்குப் பெருமளவு கடத்தப்படுகிறது. அதனால்தான் 1978இல் பிறந்த தலைமுறையின் சராசரி அலகும் வறட்சிக்கு முந்திய கூட்டத்தின் சராசரியை விடப் பெரிதாக இருந்தது.

"இனத்தின் நன்மைக்காக"

எழுதவே வேண்டாம். பிழைத்ததும் மடிந்ததும் தனித்தனிக் குருவிகளே; இனத்துக்காக எதுவும் நடக்கவில்லை.

வலிமையானதே வெல்லும் என்பது

1982-83இல் எல் நினோ என்ற பசிபிக் கடல் வெப்பமாதலால் பெய்த பெருமழைக்குப் பின் சிறு விதைகள் பெருகின. அடுத்து வந்த வறண்ட காலத்தில் சிறிய அலகுடைய, உருவில் சிறிய குருவிகளே மிகுதியாகப் பிழைத்தன.

ஒரே காரணத்துக்கு ஒரே விளைவு என்று விதி எழுதுவது

1977ஐ மட்டும் படித்தவர்கள் "வறட்சி அலகைப் பெரிதாக்கும்" என்று பொதுவிதி எழுதிவிடுகிறார்கள். 2003-04இல் மீண்டும் கடும் வறட்சி வந்தபோது நிலைமை வேறு: 1982இல் தீவில் குடியேறிப் பெருகியிருந்த பெரிய தரைக்குருவிகள் என்ற வேறோர் இனப் பறவைகள் அந்தக் கடினக் காய்களைத் தின்று தீர்த்தன. நடுத்தரத் தரைக்குருவிகளில் இம்முறை பெரிய அலகுடையவையே மிகுதியாக மடிந்தன. சராசரி அலகு சிறுத்தது. ஆகவே வரைவில் வறட்சி என்று எழுதிய இடத்திலெல்லாம், எந்த உணவு எஞ்சியது, அதற்குப் போட்டியிட்டது யார் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.