புவித்தகடுகளை ஒரு தட்டில் செய்து பார்க்கலாம்

பூமியின் மேல் ஓடான 'புவியோடு' வேறு, தகடு வேறு. கண்டங்களின் கீழே புவியோடு சுமார் 35 கி.மீ. தடிப்பு, கடலடியில் சுமார் 7 கி.மீ. தான். அந்த ஓட்டோடு, அதற்குக் கீழுள்ள பாறைப் படையான மென்மூடியின் மேற்பகுதியும் ஒட்டியிருக்கும் கெட்டிப் படைதான் தகடு. தடிப்பு ஏறத்தாழ 100 கி.மீ. ஏழு பெரிய துண்டுகளும் பல சிறிய துண்டுகளுமாக அது உடைந்து கிடக்கிறது.

படி 1. அரைக் கப் கோதுமை மாவை ஒரு கப் பச்சைத் தண்ணீரில் கரையுங்கள். இரண்டு கப் கொதிநீரை ஊற்றி, சிறு நெருப்பில் கைவிடாமல் கிண்டுங்கள். மாவை நேரே கொதிநீரில் கொட்டினால் கட்டி தட்டிவிடும். கரண்டியிலிருந்து நாடாபோல் விழும்போது இறக்கி, ஆறியதும் ஓரம் உயர்ந்த தட்டில் ஊற்றுங்கள். இது மென்மூடி. உண்மையில் அது குழம்பல்ல, திண்மப் பாறை. கடும் சூட்டில் மிக மெதுவாக நகர்கிறது.

படி 2. பிஸ்கட் பெட்டி அட்டையில் உள்ளங்கை அளவில் மூன்று துண்டு வெட்டி, பொலித்தீன் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் அட்டை ஊறி வளையும். இரண்டின் மேல் ரொட்டிக்குப் பிசைந்த மாவைத் தட்டி, ஓரத்தில் ஒரு விரல் வெளியே நீட்டி விடுங்கள். அவை கண்டம். வெறும் அட்டை கடலடி.

படி 3. பசையில் மிதக்கவிட்டு நகர்த்துங்கள். இரண்டை விலக்கினால் இடைவெளியில் பசை மேலெழும். அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே இப்படித்தான் புதிய கடலடி உருவாகிறது. வெறும் அட்டையைக் கண்டத்தை நோக்கித் தள்ளினால் அது அடியில் புகும். சுமாத்திராவுக்கு அப்பால் அப்படிப் புகும் தகடு சிக்கி நின்று, 2004 டிசம்பர் 26இல் விடுபட்டபோதுதான் சுனாமி வந்தது. இரண்டு கண்டங்களை மோதவிடுங்கள்: மாவு மடிந்து மேடு தட்டும். இமயமலை அப்படி எழுந்ததுதான். மாவு அட்டைக்கு வெளியே நீட்டாவிட்டால் அட்டைகள் முட்டி நிற்கும், மடிப்பு விழாது.

படி 4. இதைத் தவறவிடாதீர்கள். ஒரு கண்டத்தையும் வெறும் அட்டையையும் அடியில் டேப் போட்டு ஒன்றாக்குங்கள். மாவின் ஓரத்தில் ஒரு கொத்தமல்லி விதையை அழுத்துங்கள், அதுதான் இலங்கை. கரை முடிந்தாலும் தகடு முடியவில்லை, கடலின் கீழும் அதே தகடு போகிறது. தகட்டின் ஓரங்கள் நமக்கு வெகு தூரத்தில் இருப்பதால்தான் இங்கே பெரிய நிலநடுக்கங்கள் அரிது.

மலையகத்து மலைகளைக் காட்டி, "இவையும் இமயமலைபோல் வளர்கின்றனவா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். இல்லை. ஹட்டன், நுவரெலியாப் பக்கம் வீதிக்காக வெட்டிய பாறையில் வெளுப்பும் கறுப்புமாகப் பட்டைகள் தெரியும். சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கண்டங்கள் மோதியபோது, நிலத்தின் ஆழத்தில் வெந்து நசுங்கிய பாறை அது. மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போனதால் இப்போது கைக்கு எட்டுகிறது.

மண்சரிவையும் இதோடு சேர்க்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29இல் பதுளை மாவட்டத்து மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகளை மூடிய மண்ணைத் தகடு தள்ளவில்லை. அடைமழையில் ஊறி, சரிவில் பிடி விட்ட மண் அது. பூமி அதிரும்வரை காத்திருக்காமல், மழை நாட்களில் வீட்டுக்கு மேலே புதிய வெடிப்போ கலங்கிய ஊற்றோ கண்டால் உடனே விலகிவிட வேண்டும்.