உங்கள் நகரத்துக்கு ஒரு தொழில்முறை கால்பந்து அணியைக் கொண்டுவருவது எப்படி: அமெரிக்க ரசிகர்களுக்கான தொடக்கநிலை வழிகாட்டி

2007 ஜனவரியில் பிலடெல்பியாவில் சில ரசிகர்கள் சேர்ந்து ஒரு கால்பந்து ரசிகர் மன்றத்தைத் தொடங்கினார்கள். அவர்கள் ஆதரிக்கப்போகும் அணிக்கு அப்போது பெயர் இல்லை, நிறம் இல்லை, ஆடுவதற்கு ஒரு மைதானமும் இல்லை. பெஞ்சமின் பிராங்க்ளினின் நினைவாக ‘சன்ஸ் ஆஃப் பென்’ என்று தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, பிற நகரங்களில் நடந்த ஆட்டங்களுக்குப் போய், இன்னும் பிறக்காத அணிக்காகக் குரல் கொடுத்தார்கள். 2008 பிப்ரவரி 28 அன்று, அமெரிக்காவின் முதல் பிரிவுக் கால்பந்துப் போட்டித்தொடரான மேஜர் லீக் சாக்கர், தன் அணிகளில் பிலடெல்பியாவுக்கு ஓர் இடத்தை அறிவித்தது; 2010-ல் பிலடெல்பியா யூனியன் தன் முதல் ஆட்டத்தை ஆடியது.

இந்தக் கதையைக் கேட்கும் புதியவர்கள் பலரும், போதிய அளவு உரக்கக் கேட்டால் அணி வந்துவிடும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் ரசிகர்களால் அணியை வாங்க முடியாது. மைதானம் கட்டவும் பெரும்பாலும் முடியாது. வாங்கக்கூடியவருக்கும் அனுமதி தரக்கூடியவருக்கும் இந்த ஊரில் ஆட்டம் பார்க்க மக்கள் வருவார்கள் என்ற சான்றைக் கையில் கொடுப்பதுதான் அவர்களால் ஆகக்கூடியது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்தச் சான்றை எப்படித் திரட்டுவது, யாரிடம், எப்போது கொடுப்பது என்பதைப் பற்றியவை.

முதல் படி: எந்தப் பிரிவு அணி என்பதை முடிவு செய்யுங்கள்

இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ ஒரு சிறிய ஊரின் அணி வென்றுகொண்டே போனால் மேல் பிரிவுக்கு ஏறிவிடலாம். மேஜர் லீக் சாக்கரில் அப்படி ஏறும் வழி கிடையாது. புதிய அணி ஒன்று நுழைய வேண்டுமானால், அதன் உரிமையாளர் நுழைவுக் கட்டணம் செலுத்த வேண்டும். லீக் அவரையும் நகரத்தையும் மைதானத் திட்டத்தையும் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். 2007-ல் களமிறங்கிய டொராண்டோ அணி இதற்காக 1 கோடி டாலர் கொடுத்தது. சின்சினாட்டி, நாஷ்வில் அணிகளின் காலத்தில் அது 15 கோடி டாலர் ஆயிற்று. 2025-ல் முப்பதாவது அணியாக வந்த சான் டியாகோ கொடுத்ததாகச் செய்திகள் சொன்ன தொகை 50 கோடி டாலர்.

அமெரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்பு ஒவ்வொரு பிரிவுக்கும் எழுத்தில் தகுதி விதிகளை வைத்திருக்கிறது. முதல் கூட்டத்துக்கு முன்பே அவற்றைப் படித்துவிடுங்கள். முதல் பிரிவில் மைதானம் குறைந்தது 15,000 இருக்கைகள் கொண்டதாக இருக்க வேண்டும். அணிகளில் முக்கால் பங்கேனும் 10 லட்சம் மக்களுக்குமேல் வாழும் பெருநகரப் பகுதிகளில் அமைய வேண்டும். முதன்மை உரிமையாளர் குறைந்தது 35 விழுக்காடு பங்கும் 4 கோடி டாலர் சொத்தும் உடையவராக இருக்க வேண்டும். இரண்டாம் பிரிவுக்கு 5,000 இருக்கைகளும் 2 கோடி டாலர் சொத்தும், மூன்றாம் பிரிவுக்கு 1,000 இருக்கைகளும் 1 கோடி டாலர் சொத்தும் போதும்.

உங்கள் ஊரின் மக்கள்தொகையை இந்த எண்களின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று லட்சம் பேர் வாழும் ஊருக்கு முதல் பிரிவு அணி கேட்டுப் பத்து ஆண்டுகளைக் கரைப்பதைவிட, மூன்றாம் பிரிவு அணி ஒன்றைக் கேட்டு மூன்று ஆண்டுகளில் அதன் ஆட்டத்தைப் பார்ப்பது மேல் என்பது என் உறுதியான கருத்து. அதுவும் தொழில்முறை அணிதான். அதற்கும் ரசிகர்கள் வேண்டும்.

இரண்டாம் படி: மன்றத்தைப் பதிவு செய்யுங்கள்

ஒரு பெயர், இரண்டு நிறங்கள், ரசிகர்கள் கழுத்தில் அணிய ஒரு ஸ்கார்ஃப், தேர்ந்தெடுக்கப்பட்ட ஐந்து பேர் கொண்ட குழு, இருவர் கையெழுத்திட்டால் மட்டுமே பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். லீக்கின் சின்னத்தையோ வேறு அணியின் சின்னத்தையோ எதிலும் அச்சிடாதீர்கள். மாநில அரசிடம் இலாப நோக்கமற்ற அமைப்பாகப் பதிவு செய்யும்போது, வருமான வரிச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் வரப்போகிறீர்கள் என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். 501(சி)(3) பிரிவில் வரும் அறக்கட்டளைகள் சட்டமியற்றுவோரிடம் ஆதரவு திரட்டுவதற்குக் கட்டுப்பாடு உண்டு. 501(சி)(4) பிரிவில் அந்தச் சுதந்திரம் அதிகம், ஆனால் நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடையாது. நகர மன்றத்தில் பேசப்போகும் அமைப்புக்கு இந்த வேறுபாடு முக்கியமானது.

மூன்றாம் படி: சான்றைத் திரட்டுங்கள்

இந்த இயக்கத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் கையெழுத்து மனுவோடு தொடங்கி அதோடு நின்றுவிடுகிறார்கள். இருபதாயிரம் கையெழுத்துகள் செய்தித்தாளுக்கு நல்ல தலைப்பு; முதலீடு செய்யப்போகிறவருக்கு அவற்றால் பயன் குறைவு, ஏனென்றால் கையெழுத்திட எவருக்கும் எதுவும் செலவாவதில்லை, கையெழுத்திட்டவர் எந்த ஊரில் வசிக்கிறார் என்பதும் பெரும்பாலும் தெரிவதில்லை.

அதைவிட வலுவானது, பெயர், மின்னஞ்சல், அஞ்சல் குறியீட்டு எண், வாங்க விரும்பும் சீசன் டிக்கெட்டுகளின் (ஒரு பருவத்தின் உள்ளூர் ஆட்டங்கள் அனைத்துக்குமான டிக்கெட்) எண்ணிக்கை ஆகிய நான்கும் உள்ள பதிவேடு. அஞ்சல் குறியீட்டு எண்ணைக் கட்டாயம் கேளுங்கள். எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் என்பதை வரைபடத்தில் காட்டும்போது, மைதானம் எங்கே அமைய வேண்டும் என்ற பேச்சுக்கும் அது உதவும், ஒவ்வொரு நகர மன்ற உறுப்பினரிடமும் ‘உங்கள் தொகுதியில் இத்தனை பேர்’ என்று சொல்லவும் உதவும். ஒருவரே இருமுறை பதிந்திருந்தால் மாதந்தோறும் நீக்குங்கள். உங்கள் எண்ணிக்கையை யாராவது ஒருநாள் சரிபார்ப்பார்கள். அதில் நூறு போலிப் பதிவுகள் அகப்பட்டால் மற்ற ஒன்பதாயிரமும் ஐயத்துக்கு உள்ளாகும்.

எல்லாவற்றையும்விட வலுவானது முன்பணம். ஆனால் அதை மன்றம் வாங்கக் கூடாது. உரிமையாளர் குழு ஒன்று அமைந்த பிறகு, அவர்களே மூன்றாம் தரப்புக் கணக்கில், திருப்பித் தரும் உறுதியோடு வாங்கட்டும். ஆள் சேர்ப்பதோடு உங்கள் வேலை முடிகிறது. அணி வராமல் போனால் அக்கம்பக்கத்தாரின் பணத்துக்கு நீங்கள் பதில் சொல்லும் நிலை வரவே கூடாது.

இனி, பதிவேட்டைக் காட்டிலும் மறுக்க முடியாத சான்று ஒன்று உண்டு: டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருக்கும் மக்கள். உங்கள் ஊரிலோ அருகிலோ கீழ்ப் பிரிவு அணி ஒன்று இருந்தால், அதுதான் உங்கள் மேடை. ‘பெரிய அணி வரட்டும், அப்போது போகலாம்’ என்று காத்திருப்பவர்கள் தங்கள் கோரிக்கையைத் தாங்களே பலவீனமாக்குகிறார்கள். 2016-ல் கீழ்ப் பிரிவில் ஆடத் தொடங்கிய எஃப்.சி. சின்சினாட்டி, ஆட்டம் பார்க்க வந்த கூட்டத்தையே சான்றாகக் காட்டி, 2018 மே மாதத்தில் மேஜர் லீக் சாக்கரில் இடம் பெற்றது. 2019-ல் அங்கே ஆடத் தொடங்கியது. நாஷ்வில்லில் 2013-ல் ரசிகர்களே உரிமையாளர்களாக இருந்து ஓர் அமெச்சூர் அணியைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரும் வேரும் பின்னர் தொழில்முறை அணிக்குப் போய்ச் சேர்ந்தன. டெட்ராய்ட் சிட்டி அணியின் ரசிகர்கள், 2016-ல் ஹாம்டிராமிக்கில் இருந்த பழைய கீவொர்த் மைதானத்தைச் சீரமைக்க 7 லட்சம் டாலருக்கு மேல் முதலீடாகத் திரட்டிக் கொடுத்தார்கள். மேஜர் லீக் சாக்கர் அவர்கள் ஊருக்கு வரவில்லை; ஆனால் அவர்கள் வளர்த்த அணி தொழில்முறை அணியாகி, 2022 முதல் இரண்டாம் பிரிவில் ஆடுகிறது. என் பார்வையில் அதுவும் முழு வெற்றியே.

கீழ்ப் பிரிவு அணியும் இல்லையென்றால், பெரிய ஆட்டங்களைச் சேர்ந்து பார்க்கும் கூட்டங்களை ஒரே இடத்தில், ஒரே நாளில், தவறாமல் நடத்துங்கள். வந்தவர்களை எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். நாற்பது பேர் வந்தால் நாற்பது என்றே எழுதுங்கள். ஓராண்டில் அது நானூறு ஆவதைக் காட்டும் அட்டவணையின் மதிப்பே தனி.

நான்காம் படி: உரிமையாளரைத் தேடுங்கள்

உள்ளூரில் வேரூன்றிய தொழில் குடும்பங்கள், கீழ்ப் பிரிவு அணியின் தற்போதைய உரிமையாளர்கள், நகரத்தின் பிற விளையாட்டு அணிகளை நடத்துவோர் ஆகிய மூன்று இடங்களில் முதலில் கேளுங்கள். நான்கு பக்கங்களுக்கு மேற்படாத ஒரு கோப்பு போதும்: பதிவேட்டின் எண்ணிக்கை, வரைபடம், வருகை அட்டவணை, மைதானத்துக்குப் பொருந்தக்கூடிய நிலங்களின் பட்டியல்.

ஒரே செல்வந்தரின் மேல் எல்லா நம்பிக்கையையும் வைத்துவிடாதீர்கள். சேக்ரமென்டோ ரிபப்ளிக் அணி 2014-ல் தன் சொந்த மண்ணில் ஆடிய முதல் ஆட்டத்துக்கு 20,231 பேர் வந்தார்கள். அந்த ஆண்டே அணி தன் கீழ்ப் பிரிவு லீக்கின் பட்டத்தையும் வென்றது. 2019 அக்டோபரில் மேஜர் லீக் சாக்கர் அந்த நகரத்துக்கு இடத்தையும் அறிவித்தது. 2021 பிப்ரவரியில் முதன்மை முதலீட்டாளர் விலகிக்கொள்ள, அந்த இடம் கைநழுவியது. ரசிகர்கள் செய்ய வேண்டிய அனைத்தையும் செய்திருந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த அணி மூன்று மேல் பிரிவு அணிகளைத் தோற்கடித்து, எல்லாப் பிரிவு அணிகளும் மோதும் அமெரிக்க ஓப்பன் கோப்பையின் இறுதி ஆட்டம்வரை போனது என்றால், மன்றமும் அணியும் கலையாமல் இருந்ததே காரணம். ஆகவே உரிமையாளர் குழுவோடு சேர்ந்து உழையுங்கள். அவர்களின் விளம்பரப் பிரிவாக மாறிவிடாதீர்கள். கணக்கும் பதிவேடும் எப்போதும் மன்றத்தின் கையிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: மைதானமும் நகர மன்றமும்

பெரும்பாலான முயற்சிகள் நிற்பதும் விழுவதும் இந்த இடத்தில்தான். செயின்ட் லூயிஸில் 2017 ஏப்ரலில், மைதானத்துக்கு 6 கோடி டாலர் பொதுப்பணம் தரலாமா என்று வாக்கெடுப்பு நடந்தபோது, 53-க்கு 47 என்ற விழுக்காட்டில் மக்கள் மறுத்துவிட்டார்கள். முயற்சி முடிந்தது என்றே பலர் எழுதினார்கள். ஆனால் பெரும்பாலும் தனியார் பணத்தில் மைதானம் கட்டும் புதிய திட்டத்தோடு ஓர் உள்ளூர்க் குடும்பம் முன்வர, 2019 ஆகஸ்டில் இடம் கிடைத்தது. 2023-ல் களமிறங்கிய அணி தன் முதல் ஐந்து ஆட்டங்களையும் வென்றது. சான் டியாகோவில் 2018 நவம்பரில் கால்பந்து மைதானத் திட்டம் வாக்கெடுப்பில் தோற்று, பல்கலைக்கழகத்தின் போட்டித் திட்டம் வென்றது. இன்று சான் டியாகோ எஃப்.சி. ஆடுவது அந்தப் பல்கலைக்கழகம் கட்டிய மைதானத்தில். ஒரு வாக்கெடுப்பில் தோற்றவுடன் மன்றத்தைக் கலைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நகர மன்றக் கூட்டத்தில் பேச முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பேச்சாளருக்குப் பொதுவாக இரண்டு அல்லது மூன்று நிமிடங்களே கிடைக்கும். உங்கள் பெயர், வசிக்கும் பகுதி, ஒரே ஒரு காரணம், இவ்வளவு போதும். ஒரே நிற ஸ்கார்ஃப் அணிந்த நூறு பேர் அமைதியாக அமர்ந்திருப்பதே ஒரு பேச்சுதான். எதிர்த்துப் பேசுபவரை ஏளனம் செய்யாதீர்கள். அவரும் உங்கள் ஊர்க்காரர், அவர் வரிப்பணத்தைப் பற்றித்தான் கேட்கிறார். ஆஸ்டினில் 2018 ஆகஸ்டில் மைதானத் திட்டம் 7-க்கு 4 என்ற வாக்குகளில் நிறைவேறியது. இரண்டு பேர் மனம் மாறியிருந்தால் திட்டம் நின்றிருக்கும். தயங்கும் உறுப்பினர் யார் என்று கண்டறிந்து, அவருடைய தொகுதியில் வசிக்கும் ரசிகர்களையே அவரைச் சந்திக்க அனுப்புங்கள்.

பொருளாதார வளர்ச்சி என்ற வாதத்தைக் கையில் எடுக்காதீர்கள். மைதானங்களுக்குச் செலவிடும் பொதுப்பணம் வாக்குறுதி தந்த அளவுக்கு ஊரை வளர்ப்பதில்லை என்பதே பொருளாதார அறிஞர்களில் பெரும்பாலோர் நெடுங்காலமாக வந்தடைந்த முடிவு. உங்களை எதிர்ப்பவர்கள் அதைப் படித்துவிட்டு வருவார்கள். அதற்குப் பதிலாக, அருகில் வாழ்பவர்களுக்கு என்ன உறுதி கிடைக்கும் என்பதை எழுத்தில் கேளுங்கள். நாஷ்வில்லில் 2018-ல் பொதுமக்கள் கூட்டமைப்பு ஒன்று உரிமையாளர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், மைதானத் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்ச ஊதியம், எட்டக்கூடிய விலையில் வீடுகள், குழந்தைகள் காப்பகம் ஆகியவை இடம்பெற்றன. ரசிகர் மன்றம் இத்தகைய கோரிக்கையோடு நின்றால், மைதானத்துக்கு அஞ்சிய குடும்பங்கள் சிலவும் உங்கள் பக்கம் வரும்.

ஆறாம் படி: அணி வந்த அன்றே கேட்க வேண்டியவை

அறிவிப்பு வரும் நாளில் உரிமையாளர் ரசிகர்களை மறுக்க விரும்பமாட்டார். கேட்க வேண்டியதை அப்போதே கேட்டுவிடுங்கள். கோலுக்குப் பின்னால் நின்று பார்க்கும் பகுதி, அதன் டிக்கெட் விலை, பெயரையும் நிறத்தையும் முடிவு செய்வதில் பங்கு ஆகியவை முதல் பட்டியலில் இருக்கட்டும். சியாட்டிலில் 2008-ல் பெயருக்கு வாக்கெடுப்பு வைத்தபோது ‘சவுண்டர்ஸ்’ என்ற பழைய பெயர் கொடுக்கப்பட்ட தெரிவுகளில் இல்லை. ரசிகர்கள் தாங்களே எழுதிப் போட்டு அதையே வெல்ல வைத்தார்கள்.

இவற்றைவிடப் பெரிய கோரிக்கை, அணி ஊரைவிட்டுப் போகாமல் இருக்க உறுதி. லீக் தொடங்கிய 1996 முதல் ஆடிவந்த கொலம்பஸ் க்ரூ அணியை ஆஸ்டினுக்கு மாற்றக்கூடும் என்று 2017 அக்டோபரில் அன்றைய உரிமையாளர் அறிவித்தார். ‘க்ரூவைக் காப்போம்’ என்று ரசிகர்கள் திரண்டார்கள். கொலம்பஸ் நகரம் இருக்கும் ஒஹாயோ மாநிலம் 1996-ல் ஒரு சட்டம் இயற்றியிருந்தது. பொதுப்பணத்தின் பயனைப் பெற்ற அணி ஊர் மாற விரும்பினால் ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து, உள்ளூரார் வாங்குவதற்கு வாய்ப்பளிக்க வேண்டும் என்பது அதன் சாரம். மாநிலத் தலைமை வழக்கறிஞரும் நகரமும் 2018 மார்ச்சில் அந்தச் சட்டத்தின்படி வழக்குத் தொடர்ந்தன. அந்த ஆண்டு முடிவதற்குள் உள்ளூர் வாங்குநர்கள் கிடைத்தார்கள். அணி கொலம்பஸிலேயே தங்கி, 2020-ல் லீக் கோப்பையையும் வென்றது.

பிற மாநிலங்களின் ரசிகர்கள் அத்தகைய சட்டம் தங்களுக்கு இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது. ஆதலால் மைதானக் குத்தகை நகர மன்றத்தின் முன் வரும்போது, மூன்று வரிகளைச் சேர்க்கச் சொல்லி வலியுறுத்துங்கள்: குத்தகைக் காலம் முழுவதும் அணி இடம் மாறக் கூடாது, விற்பதானால் உள்ளூர் வாங்குநருக்கு முதலில் வாய்ப்பளிக்க வேண்டும், எப்படியாயினும் பெயரும் நிறமும் சின்னமும் நகரத்திடமே இருக்க வேண்டும். வரைவு ஒப்பந்தம் வாக்கெடுப்புக்குச் சில நாட்களுக்கு முன்பு பொதுமக்கள் பார்வைக்கு வரும். அந்த நாட்களில் அதை வரிவரியாகப் படிக்க இரண்டு பேரை இப்போதே நியமித்து வையுங்கள்.