குடலைக் காக்கும் சாப்பாடு: மும்பைத் தமிழர் வீடுகளில் அடிக்கடி நடக்கும் தவறுகள்

“நாங்கள் சுத்த சைவம், குடல் புற்றுநோயெல்லாம் எங்களுக்கு வராது” என்று மாட்டுங்கா பக்கம் உறுதியாகச் சொல்வார்கள். தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ கேட்டால், “ஞாயிற்றுக்கிழமை மட்டும்தானே கறி எடுக்கிறோம்” என்பார்கள். இரண்டு பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெருங்குடலிலும் மலக்குடலிலும் வரும் புற்றுநோய்க்கு இறைச்சி மட்டுமே காரணம் என்று எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். நார்ச்சத்துக் குறைவு, வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு, குடி, புகை, உட்கார்ந்தே கழியும் நாள் எல்லாமே இந்த ஆபத்தை ஏற்றுபவை. மேற்கு நாடுகளோடு பார்த்தால் இந்தியாவில் இந்த நோய் குறைவுதான். என்றாலும் நகரங்களில் கூடிவருகிறது. ஐம்பது வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கும் வருகிறது.

பெரும்பாலும் இது குடலின் உள்சுவரில் பாலிப் எனப்படும் சிறு சதை வளர்ச்சியாகத்தான் தொடங்கும். அது புற்றுநோயாக மாறப் பத்து ஆண்டுகள்கூட ஆகலாம். ஆகவே தினசரி என்ன சாப்பிடுகிறோம் என்பதுதான் கணக்கு. கல்யாணச் சாப்பாட்டையும் தீபாவளிப் பலகாரத்தையும் நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

டப்பாவைத் திறந்து பாருங்கள்

செம்பூரிலிருந்தோ டோம்பிவிலியிலிருந்தோ லோக்கல் ரயிலில் வேலைக்குப் போகும் ஒருவரின் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு அடுக்கில் சாம்பார் சாதம், அடுத்ததில் உருளைக்கிழங்கு ரோஸ்ட், கடைசியில் தயிர் சாதம். வீட்டுச் சாப்பாடு, சுத்தமானது, வயிறும் நிறையும். நார்ச்சத்து எவ்வளவு என்று பார்த்தால்தான் குறை தெரியும். தீட்டிய வெள்ளை அரிசி 100 கிராமில் சுமார் 3 கிராம் இருக்கும். சாம்பாரில் கரைந்த துவரம்பருப்பில் 2 கிராம், உருளைக்கிழங்கில் ஒன்றரை கிராம் வரலாம். மொத்தம் 7 கிராம்கூடத் தேறாது. ஒரு நாளைக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காலையில் இட்லி, இரவில் மறுபடி சோறு என்றால் அந்த 25 கிராமைத் தொடவே முடியாது.

நார்ச்சத்து மலச்சிக்கலுக்கு மட்டும்தான் என்று நினைப்பது பரவலான தவறு. நம் உடம்பு செரிக்காமல் விட்ட நாரைப் பெருங்குடலில் இருக்கும் நுண்ணுயிரிகள் நொதிக்கவைத்து, ப்யூட்ரேட் போன்ற கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. குடலின் உள்சுவர்ச் செல்களுக்கு அதுதான் முக்கிய உணவு. கூடவே மலம் இளகிச் சீக்கிரம் வெளியேறுவதால், கெடுதல் செய்யும் பொருள்கள் குடல் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் நேரமும் குறைகிறது. நாளுக்கு 10 கிராம் நார்ச்சத்து கூடினால் இந்தப் புற்றுநோயின் ஆபத்து ஏறத்தாழ 10 சதவீதம் குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

அதே டப்பாவைக் கொஞ்சம் மாற்றிப் பார்க்கலாம். அரிசியைப் பாதியாக்கி ஒரு ஜ்வாரி பாக்ரி, அதாவது வெள்ளைச் சோள ரொட்டி, வையுங்கள். 50 கிராம் சோள மாவிலேயே 5 கிராம் நார் வந்துவிடும். உருளைக்கிழங்குக்குப் பதில் அவரை, கொத்தவரை, பீன்ஸ், வாழைப்பூ என்று ஏதாவது ஒரு பொரியலைத் தாராளமாக வைத்தால் இன்னொரு 5 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டலும் ஒரு கொய்யாவும் சேர்ந்தால் நாளின் நார்த் தேவையில் பெரும்பகுதி முடிந்தது. பர்சைத் தொடவே வேண்டாத மாற்றம் இது. லக்கம்சி நாப்பு சாலைப் பக்கம் வாழைத்தண்டும் முருங்கைக்கீரையும் ஊரில் கிடைப்பது போலவே கிடைக்கின்றன. பக்கத்து வீட்டு மராட்டியர் சமையலிலேயே பாஜ்ரி பாக்ரி (கம்பு ரொட்டி), முளைகட்டிய மட்கி உசல் (முளைவிட்ட பயறுக் குழம்பு), சிவப்புத் தண்டுக்கீரை என்று வேண்டியதெல்லாம் இருக்கிறது. கம்பிலும் கேழ்வரகிலும் 100 கிராமுக்குப் 11 கிராம் நார் இருக்கிறது. நம் பாட்டிமார் கூழாகக் குடித்ததைத்தான் இந்த ஊர் ரொட்டியாகச் சாப்பிடுகிறது. தலைமுறை தலைமுறையாக மும்பையில் இருந்தும் நாம் இதை வீட்டுக்குள் விடாமல் இருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. நேற்றுவரை 10 கிராம் சாப்பிட்டவர் இன்று 30 கிராமுக்குத் தாவினால் வயிறு உப்பும், வாயு தொல்லை கொடுக்கும், மூன்றாம் நாளே “இது நமக்கு ஒத்துக்கொள்ளாது” என்று விட்டுவிடுவார். இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள், தண்ணீரும் கூடக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கீரை, பருப்பு, பழ அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே மாற்ற வேண்டும். இரவில் இசப்கோல் குடிக்கிறோமே, போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. மலச்சிக்கலுக்கு அது நல்லது. ஆனால் முழுத்தானியம், பருப்பு, காய் சாப்பிடுவதற்கு அது ஈடாகாது. பழத்தைப் பிழிந்து, வடிகட்டி, ஜூஸாகக் குடித்தாலும் நாரில் பெரும்பகுதி போய்விடும், சர்க்கரை மட்டும் தங்கும்.

“நான் ஒல்லிதானே” என்பவர்களுக்கு

கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கும் உடல்வாகு நம்மவர்களிடம் மிகச் சாதாரணம். ஆபத்து அந்த வயிற்றுக் கொழுப்பில்தான் அதிகம். அது இன்சுலின் அளவை ஏற்றி, உடம்பில் ஓயாத ஒரு மெல்லிய அழற்சியை வைத்திருக்கிறது. இரண்டுமே குடல் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகத் தோதானவை. இந்தியர்களுக்கு எடை அளவுகோலும் வேறு. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் உடல் நிறை குறியீடு (BMI) 23ஐத் தொட்டாலே எடை கூடுதல், 25 என்றால் உடல்பருமன். 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவர் 63 கிலோவிலேயே முதல் கோட்டைத் தாண்டிவிடுகிறார், 68 கிலோவுக்குச் சற்று மேலே போனால் இரண்டாவதை.

இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள்ளும் பெண்களுக்கு 80க்குள்ளும் இருக்க வேண்டும். இதைப் பேன்ட் சைஸை வைத்துச் சொல்லக்கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட் போடுபவருக்குப் பேன்ட் 34 அங்குலமாக இருக்கும், வயிறு 40 அங்குலம் வரும். கடைசி விலா எலும்பும் இடுப்பெலும்பின் மேல்முனையும் எங்கே இருக்கின்றன என்று விரலால் தொட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் நடுவே, மூச்சை இயல்பாக வெளியே விட்டதும், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்க வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு முன் அளப்பது நல்லது. மாதத்துக்கு ஒரு முறை போதும்.

எடையைக் குறைக்க இறங்கியதும் நடக்கும் முதல் தவறு, சோற்றை அடியோடு நிறுத்துவது. ஒரு மாதம் முட்டையும் பன்னீருமாக ஓடும், எடையும் இறங்கும். ஆனால் அரிசியோடு சேர்ந்து பருப்பும் பழமும் சுண்டலும் தட்டைவிட்டுப் போய்விடும். குடலுக்குத் தேவையான நார் அங்கேயே அறுந்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் எடை பழையபடி வந்து உட்கார்ந்திருக்கும். வாரத்துக்கு அரைக் கிலோ குறைவது மெதுவாகத் தெரியலாம். ஆனால் அந்த வேகத்தில் இறங்கிய எடையைத்தான் தக்கவைத்துக்கொள்வது எளிது.

கணக்கில் வராமல் போவது நடுவில் உள்ளே போகும் சங்கதிகள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது, செக்கில் ஆட்டியதானாலும் அதே 120தான். ஆபீஸில் நாலு கட்டிங் சாய் (அரை கிளாஸ் டீ), ஒவ்வொன்றிலும் சர்க்கரை, கூட ஒரு காரி பிஸ்கட். அந்த பிஸ்கட் முழுக்க மைதாவும் கொழுப்பும். அப்புறம் ஆறு ஆறரைக்கு ஸ்டேஷன் வாசலில் பசி வயிற்றைப் பிடுங்கும். எதிரே வடா பாவ் வண்டி நிற்கும்: மைதா, உருளைக்கிழங்கு, எண்ணெய். சாப்பிட்டுவிட்டு ஒன்பதரைக்கு வீடு சேர்ந்து, பத்தரைக்கு முழுச் சாப்பாடு. இங்கே மனவுறுதியை நம்புவதைவிட, பசி எடுக்குமுன்பே ஏதாவது சாப்பிட்டுவிடுவது மேல். ஐந்தரைக்கே ஆபீஸில் சுண்டலையோ ஒரு வாழைப்பழத்தையோ முடித்துவிடுங்கள். இல்லையென்றால் வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் விற்கும் சிங்-சணாக்காரரிடம் வறுத்த கொண்டைக்கடலையைக் கூடப் போடச் சொல்லி ஒரு பொட்டலம் வாங்கிக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டின் அளவு தானாகக் குறையும்.

லோக்கலில் ஒரு மணி நேரம் நசுங்கி நின்று வருவதை உடற்பயிற்சியாக எண்ணிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது அலுப்புதான் தரும். வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு கொஞ்சம் வாங்கும் வேகத்தில் நடக்க வேண்டும். எடை குறைகிறதோ இல்லையோ, உடலுழைப்பே பெருங்குடல் புற்றுநோயின் ஆபத்தைக் குறைக்கிறது. மழைக்காலம் வந்தால் நான்கு மாதம் நடையை நிறுத்திவிடுவது இந்த ஊர்ப் பழக்கம். கட்டடத்தின் படிக்கட்டும் ஸ்டேஷன் ஸ்கைவாக்கும் மழையிலும் இருக்கின்றன.

கறி, குடி, பால்

2015இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்தது. ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி முதலிய சிவப்பு இறைச்சியை, அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற அடுத்த பிரிவில் வைத்தது. முதல் பிரிவில் சிகரெட்டும் இருப்பதால் இரண்டும் ஒரே அளவு ஆபத்து என்று பரப்பினார்கள். அது தவறு. ஆதாரம் எவ்வளவு உறுதி என்பதைத்தான் பிரிவு காட்டுகிறது, ஆபத்தின் அளவை அல்ல. பதப்படுத்திய இறைச்சியைத் தினம் 50 கிராம் சாப்பிடுபவருக்கு ஆபத்து சுமார் 18 சதவீதம் கூடுகிறது. சிவப்பு இறைச்சியை வாரத்துக்குச் சமைத்த எடையில் 350 முதல் 500 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் போதும் என்பதே பொதுவான பரிந்துரை. ஞாயிறு மட்டும் மட்டன் குழம்பு வைக்கும் வீடு பயப்பட வேண்டாம். கவனிக்க வேண்டியது, பிள்ளைகளின் சாண்ட்விச்சில் தினம் நுழையும் சாசேஜும் சலாமியும். கோழிக்கறியில் செய்ததானாலும் அது பதப்படுத்திய இறைச்சிதான். கருகும்வரை சுட்ட கபாபையும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மதுவில் “கொஞ்சம் நல்லது” என்ற பேச்சுக்கு இடமில்லை. 30 மில்லி பெக் ஒன்றில் ஏறக்குறைய 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. தினம் மூன்று பெக் அளவுக்குப் போனால் குடல் புற்றுநோய் ஆபத்து கூடுவது தெளிவாகவே தெரிகிறது. மற்ற சில புற்றுநோய்களுக்கு அதைவிடக் குறைந்த அளவே போதும். ஒயின், பீர் என்று எந்தப் பெயரில் குடித்தாலும் உள்ளே போவது அதே ஆல்கஹால்.

பால் விஷயத்தில் நேர்மாறான பயம் உலவுகிறது. புற்றுநோய் வரும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நம்பிப் பாலையும் தயிரையும் நிறுத்துகிறார்கள். பெருங்குடலைப் பொறுத்தவரை பாலும் அதிலுள்ள கால்சியமும் பாதுகாப்பு தருவதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஒத்துக்கொள்பவர்கள் மோரையும் தயிரையும் விட வேண்டாம். மஞ்சள் கஷாயம், கோதுமைப்புல் சாறு, குடல் சுத்தப் பொடி என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்குப் பதில் அந்தப் பணத்தில் காய்கறி வாங்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு

நல்ல சாப்பாடு ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. இதை மறந்துவிட்டு, மலத்தில் ரத்தம் வந்தாலும் “மூலம்தான், உடம்புச் சூடு” என்று மாதக்கணக்கில் மோர் குடித்துக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. மூலமாகவே இருக்கலாம். ஆனால் அதைப் பரிசோதித்துப் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். சில வாரமாக மலம் கழிக்கும் பழக்கம் மாறிவிட்டதா, போய்வந்த பிறகும் முழுதாகப் போகாத உணர்வு இருக்கிறதா, காரணமில்லாமல் ஹீமோகுளோபின் இறங்குகிறதா, தள்ளிப்போடாதீர்கள். முயற்சியே இல்லாமல் எடை இறங்கினால் “பரவாயில்லை, தொப்பை குறைந்தது” என்று சந்தோஷப்படாதீர்கள், உடனே காட்டுங்கள்.

வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்குத்தான் இந்தியாவில் தேசிய அளவில் பரிசோதனைத் திட்டம் உண்டு. குடலுக்கு யாரும் கூப்பிட்டுச் சோதிக்கப் போவதில்லை, நாமாகத்தான் கேட்க வேண்டும். பெற்றோரிலோ கூடப் பிறந்தவர்களிலோ யாருக்காவது இந்தப் புற்றுநோய் வந்திருந்தால், 40 வயதிலோ, அவர்களுக்குக் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து ஆண்டு முன்போ, எது முதலில் வருகிறதோ அப்போது கொலனோஸ்கோபி (கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்க்கும் பரிசோதனை) செய்துகொள்வது வழக்கமான பரிந்துரை. அதில் பாலிப் தென்பட்டால் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே அகற்றிவிடுகிறார்கள், அது புற்றுநோயாக வளரும் வழியும் அங்கேயே அடைபடுகிறது.